பதினோரு கேப்டன்கள்

கிரிக்கெட் போட்டிக் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றபோது நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றுகிற அளவுக்கு அதில் சூடு எதுவும் இல்லை. மார்கழிக் காலையில் பிளாஸ்க்கைத் திறந்த ஐந்தாவது நிமிடமே டீ மோராகிவிடும். ஆனாலும் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

"ஏனுங்கம்மா, அந்தக் கடைசி ஓவரப் போட்டது யாருங்க?" என்று கமிட்டிப் பெரியவர் பொன்னுசாமி கேட்டார்.

அவருக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் பதினோரு பேரும் நின்றார்கள். எந்த முதுகைப் பார்த்தாலும் 'கேப்டன்' என்று எழுதி, கீழே பெரிதாகப் பதினாலு. உண்மையான கேப்டனான என் மாப்பிள்ளை தங்கவேலு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்கழியில் திருப்பூரில் என்ன மழை. என் மகள் கலாமணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தாள். எதிர் அணியான காலர் கம்பெனிக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். அதனால் மெதுவாகவே குடித்தேன்.

நான் ஒரு பெயரைச் சொன்னால் மாப்பிள்ளையின் கிரிக்கெட் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. வாழ்க்கை என்பது பெரிய வார்த்தைதான். ஆனால் அவர் ஆடிய ஆட்டத்துக்கு வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பதிலுக்கு முன்னால் சட்டைக் கதையைச் சொல்ல வேண்டும். போன வாரம் இந்தப் பக்கத்தில் வந்த, என் கல்யாணப் பந்தியில் சோறு தீர்ந்துபோன கதையைப் படித்துவிட்டு, 'அம்மா விஷயத்துக்கு வருவதற்குள் விடிந்துவிடுகிறது' என்று ஒருவர் எழுதியிருந்தாராம். நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பேத்திதான் படித்துக் காட்டினாள். அந்தத் தம்பி இந்த வாரமும் சித்தே பொறுத்துக்கொள்ளட்டும்.

பெயர் வைத்த பாசம்

மாப்பிள்ளை பதினாலு மெஷின் போட்டு ஒரு பவர் டேபிள் நடத்துகிறார். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கிற துணியைப் பனியனாகத் தைத்துக் கொடுக்கிற இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அங்கே கடைசி மேசை என்னுடையது. தைத்து வருகிற பனியனில் பிசிறு வெட்டி, ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்து, நல்லது ஒரு பக்கம் கெட்டது ஒரு பக்கம் போடுவேன்.

அந்த டேபிளுக்கு என் மகள் பெயரைத்தான் வைத்திருக்கிறார். பெண்டாட்டி மேல் எவ்வளவு பாசம் என்று சொந்தக்காரர்கள், ஒறம்பரையெல்லாம் மெச்சினார்கள். கிரிக்கெட் அணிக்கும் அதே பெயரை வைத்தபோதுதான் பாசம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்தது.

மார்கழி பிறந்தால் தை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்குள் போட்டி. பல்லடம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு சோளக்காடு. அறுவடை முடிந்ததும் அது மைதானம். பனியன் வேஸ்ட் துணியை முடிந்து முடிந்து நீளமாகக் கட்டிச் சுற்றிலும் போட்டிருப்பார்கள், அது பவுண்டரி. விடிந்ததும் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானாலும் ஷிப்மெண்ட் உள்ளவர்கள் வேலைக்குப் போக வேண்டுமே.

ஸ்கோர் எழுதுகிறவர் சேவியர் என்று ஒரு தம்பி. அவரிடமே மைக்கும் இருக்கும். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய், நாலு ஊருக்குக் கேட்கும். அதில் அவர், "கலாமணி முப்பத்தொன்றுக்கு ஆல் அவுட்" என்பார். "கலாமணி மறுபடியும் படுதோல்வி" என்பார். என் மகள் மளிகைக் கடைக்குப் போனால், "ஏனுங்க்கா, இந்த வாரமும் அவுட்டாயிட்டீங்களாமா?" என்று கேட்டுக்கொண்டே பருப்பு கட்டுவார்கள். இரண்டு வருஷம் ஆடி ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

மூன்றாம் வருஷம் தொடங்குவதற்கு முந்தின வாரம், டேபிளில் எல்லோர் முன்னாலும் கலாமணி பேசிவிட்டாள்.

"ஏனுங்க, இந்த வருசம் ஒரே ஒரு மேட்ச்சு. அதாச்சும் ஜெயிக்கோணும். இல்லீனா பேட்டு அட்டாலிக்குப் போயிரும். பொறகு எறக்கக் கூடாது."

"ஏங்கலா, ஆட்டம்னா தோக்கறதும் இருக்குமல்லொ."

"இருக்குமுங்க. ரெண்டு வருசமா அது மட்டுந்தான் இருக்குது."

"செரி. உம்மேல சத்தியமா ஜெயிக்கறேன்."

"எம்மேல வேண்டாமுங்க. எம்பேரு மாட்டிக்கிட்டதே போதும். மெஷின் மேல பண்ணுங்க."

ஓவர்லாக் மெஷின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தார். பக்கத்து மெஷின்காரர்கள் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அட்டாலி என்றால் சமையலறைக்கு மேலே சாமான் போடுகிற பரண். எங்கள் ஊட்டில் அதில் ஏறின எதுவும் இதுவரை இறங்கினதில்லை.

எனக்கும் இதில் ஒரு சுயநலம் உண்டு. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குத் துணி துவைக்கிற நாள். மாப்பிள்ளை அணி வைத்த பிறகுதான், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வெயில் மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, ஆம்பளைகள் ஓடி விழுவதை வேடிக்கை பார்க்கிற பாக்கியம் கிடைத்தது. பேட் அட்டாலிக்குப் போனால் நான் திரும்பவும் சோப்புக்குப் போக வேண்டும்.

சாம்பிள் என்னமோ அதுதான்

உலகத்துக்கே பனியன் தைக்கிற ஊர். பதினோரு பேருக்குச் சட்டை தைக்க எவ்வளவு நேரம். மீந்த துணியில் நீலமாகப் பார்த்து வெட்டித் தைத்தாகிவிட்டது. முதுகில் பெயரும் நம்பரும் அடிக்கத்தான் பிரிண்டிங் போக வேண்டும்.

எங்கள் ஊரில் சாம்பிள் இல்லாமல் எதுவும் நடக்காது. கல்யாணப் பந்தலுக்குக்கூடச் சாம்பிள் கேட்பார்கள். மாப்பிள்ளையும் முறைப்படி தன் சட்டை ஒன்றை முதலில் அடித்து வாங்கினார். 'கேப்டன்', பதினாலு. பதினாலு மெஷின் ஓனர் என்பதால் பதினாலு. எழுத்தின் சைஸ் பார்த்தார், கலர் பார்த்தார், திருப்தி. "இதே மாதிரி அடிச்சிருங்க" என்று மீதிச் சட்டைகளைக் கொடுத்தார். யாருக்கு என்ன பெயர், என்ன நம்பர் என்கிற பட்டியல் அவர் போனில் பத்திரமாக இருந்தது. கடைசிவரை பத்திரமாகவே இருந்தது. அனுப்பவே இல்லை.

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் கட்டு வந்தது. பிரித்தால் பதினோரு கேப்டன்கள். பதினோரு பதினாலு. அதோடு, குறைந்தது இரண்டு டஜன் இருந்தால்தான் அடிப்போம் என்றதால் கொடுத்த மீதிப் பதிமூன்றிலும் கேப்டன்.

மாப்பிள்ளை போனைப் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"என்னுங்க இது, எல்லாச் சட்டைக்கும் கேப்டன்னு அடிச்சிருக்கீங்க?"

"சாம்பிள் என்னமோ அதுதானுங்க லாட்டு. நீங்கதான பாத்து ஓகே பண்ணுனீங்க."

"அது எழுத்து சைஸ் பாக்கறதுக்குங்க."

"சைஸு செரியா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்பறம் என்னுங்க."

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டார். மேலே பேசுகிற நிலைமையில் அவர் இல்லை. ஒரு தடவை சாம்பிளில் பாக்கெட் வலது பக்கம் இருந்ததென்று ஒரு லாட்டு முழுக்க வலது பக்கமே தைத்துக் கொடுத்தவர். அன்றைக்கு அவரும் கம்பெனிக்காரரிடம், "சாம்பிள் என்னமோ அதுதானுங்க" என்றுதான் சொன்னார். அந்த வார்த்தை ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து சேர்ந்தது.

"விடுங்க மாப்பள," என்றேன். "தோத்தா யாரக் குத்தம் சொல்றதுன்னு கொளப்பம் வராது. எல்லாருமே கேப்டன்."

கண்ணுக்குத் தெரிந்தது

முதல் ஆட்டத்தில் சேவியர் தம்பி திண்டாடிப்போனார். பனிமூட்டம் வேறு. குளிருக்குக் காதை மூடி எங்கள் ஆட்கள் எல்லோரும் பனியன் துணியைத் தலையில் சுற்றியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மூக்கு மட்டும்தான் தெரியும்.

"பந்து போடுபவர் கேப்டன். கேட்ச் விட்டவர் கேப்டன். பவுண்டரியில் உட்கார்ந்திருப்பவரும் கேப்டன்," என்று மைக்கில் சொல்லிவிட்டு நோட்டை மூடி வைத்தார்.

எனக்குப் பாவமாக இருந்தது. "இப்பப் போடறது எங்க டேபிள் பையன் பிகாஷுங்க தம்பி," என்றேன்.

"எப்பிடீங்கம்மா தெரியுது?"

"வலது கை வெளுப்பா இருக்குது பாருங்க. வேற ரோல் துணி."

அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே."

"அங்க நிக்கறது எங்க மாப்பள. பதினாலுல நாலுக்குக் கீழ எண்ணெய்க் கறை. அக்கட்டால நிக்கறவர் சட்டையில கழுத்துப் பட்டி முறுக்கியிருக்குது."

பதினோரு சட்டைக்கும் பிசிறு வெட்டியவள் நான். ஒன்றும் உருப்படியில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். விளையாட்டுச் சட்டைதானே என்று அத்தனையையும் நல்லதில் போட்டேன். மேசையில் உட்கார்ந்து முப்பது வருஷம் பழகிய கண், ஆள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தையலைப் பார்த்துவிடும். மாப்பிள்ளை முதன்முதலில் பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். எல்லோரும் பையனின் நிறத்தையும் உயரத்தையும் பார்த்தார்கள். நான் பார்த்தது இடது கை மடிப்பில் விட்டுப்போன ஒரு தையலை. பரவாயில்லை, பிரித்துத் தைத்துக்கொள்ளலாம் என்றுதான் பெண் கொடுத்தேன். இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

அன்றிலிருந்து சேவியருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. அவர், "யாருங்கம்மா?" என்பார். நான் சொல்வேன். எழுதிக்கொள்வார்.

நாலு ஆட்டம்

எங்களுக்கு மொத்தம் ஐந்து ஆட்டம். முதல் நாலையும் தோற்ற விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனாலும் சொல்கிறேன்.

முதலாவதில் இருபத்தெட்டு. பழைய முப்பத்தொன்று பெரிய ஸ்கோர் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டாவதில் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தோம். எட்டேகால் மணிக்கு டீக்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்தார். டேபிளில் டீ பிரேக்குக்கு அடிக்கிற அதே மாதிரி மணி. ஓவர் பாதியில் இருக்கும்போதே எங்கள் ஆட்கள் நாலு பேர் நின்ற இடத்தை விட்டு டீக்காரரை நோக்கி நடந்துவிட்டார்கள். அந்தப் பக்கமாகத்தான் பந்து போனது.

மூன்றாவதில் பிகாஷ் நாலு விக்கெட் எடுத்தான். ஒடிசாவிலிருந்து வந்து எங்கள் டேபிளில் ஓவர்லாக் அடிக்கிற பிள்ளை. பந்தை அவன் கையில் கொடுத்தால் அது எங்கே போகிறதென்று எதிரில் நிற்கிறவனுக்குத் தெரியாது. எங்கள் மாப்பிள்ளை போட்டால் அவருக்கே தெரியாது. அன்றைக்கு மூன்று ரன்னில் தோற்றோம். மாப்பிள்ளை மூன்று கேட்ச் விட்டிருந்தார். கணக்கு சரியாக இருக்கிறது பாருங்கள்.

நாலாவது ஆட்டத்துக்கு எதிர் அணி வரவே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று கையைத் தட்டிக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷம் கழித்து வந்துவிட்டார்கள்.

கடைசி ஓவர்

மிச்சம் இருந்தது காலர் கம்பெனி. அன்றைக்குக் கலாமணி முதல்முறையாக மைதானத்துக்கு வந்தாள். "அட்டாலியில எடம் பண்ணிட்டுத்தான் வந்திருக்கறேன்," என்று கணவரிடம் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பவுண்டரித் துணிக்குப் பக்கத்தில் நின்றாள்.

எட்டு ஓவர் ஆட்டம். ஒருவர் இரண்டு ஓவருக்கு மேல் பந்து போடக் கூடாது. நாங்கள் முதலில் ஆடி ஐம்பத்தெட்டு. எங்கள் சரித்திரத்தில் அதற்கு முன்னால் யாரும் பார்க்காத நம்பர். அடுத்து ஆடிய காலர் கம்பெனிக்குக் கடைசி ஓவரில் ஒன்பது ரன் வேண்டும்.

பிகாஷ் இரண்டு ஓவரையும் போட்டு முடித்திருந்தான். மாப்பிள்ளைக்கு ஒன்று பாக்கி. பந்து அவர் கையில்தான் இருந்தது. சட்டையில் துடைத்தார். கலாமணி நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்தார். மறுபடி துடைத்தார். அப்புறம் பனிக்குள் நடந்து போய்ப் பந்தை ஒருவனிடம் கொடுத்தார். அம்பயர், "யாருங்க போடறது?" என்று கேட்டதற்கு, "பதினாலு" என்றாராம். பொய் இல்லை.

சேவியர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "யாருங்கம்மா?" என்றார்.

ஓடி வருகிறவனின் வலது கை வெளுப்பாக இருந்தது.

நான் பிளாஸ்க் மூடியைத் திருகினேன். நன்றாகத் திறந்திருந்த மூடியை இறுக்கி மூடி, மறுபடி திறந்தேன். சேவியர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. முதுகில் இருந்த பதினாலை எழுதிக்கொண்டார்.

ஆறு பந்தில் ஆறு ரன்தான் கொடுத்தான். இரண்டு ரன்னில் ஜெயித்தோம். குழாயில் சேவியர், "கலாமணி வெற்றி" என்றார். என் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அவளுடைய ஏழாம் வகுப்பில். கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது. பனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ் பண்ணினது யார்

சந்தேகம் வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. பந்து நன்றாக விழுந்தது.

"தங்கவேலண்ணன் போட்டா இத்தன வெசையா வராதுங்க," என்று காலர் கம்பெனிக் கேப்டன் கமிட்டியிடம் போனார். "அந்த ஒடிசாக்காரப் பையந்தான் மூணாவது ஓவரும் போட்டிருக்கறான். துணியச் சுத்திக்கிட்டு எல்லாரையும் ஏமாத்திட்டான். இவன இனிமே ஒரு டீம்லயும் ஆட உடக் கூடாது."

பெரியவர் பொன்னுசாமி பிகாஷைக் கூப்பிட்டார். "ஏந்தம்பி, நீயா போட்ட?"

பிகாஷ் ஓனரைப் பார்த்தான். ஓனர் வானத்தைப் பார்த்தார். "தெரியாதுங்க," என்றான் பிகாஷ். எங்கள் ஊருக்கு வந்து அவன் முதலில் கற்றுக்கொண்டது அந்த 'ங்க'தான். அதை அன்றைக்கும் விடவில்லை.

அப்புறம்தான் மூன்று பேரும் என் நாற்காலிக்கு வந்தார்கள். சீசன் முழுக்க நான் சொன்னதைத்தான் நோட்டில் எழுதியிருக்கிறார்கள். என் கண்ணை எல்லோருக்கும் தெரியும்.

டீ தீர்ந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

செக்கிங் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டை விழுந்த பனியன் ஒன்று தப்பிப் பெட்டிக்குள் போய்விட்டால், தைத்தவனைத் திட்ட மாட்டார்கள். அவனுக்குக் கொடுத்ததை அவன் தைத்தான். யார் பாஸ் பண்ணினது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

"பந்து போட்டது பிகாஷுங்க," என்றேன். "குடுத்தது எங்க மாப்பள. பாத்துட்டும் பாஸ் பண்ணுனது நானுங்க. ஆட உடக் கூடாதுன்னா எங்க ரெண்டு பேர்த்தையுந்தான் உடக் கூடாது."

டீக்காரர்கூட மணியடிக்கவில்லை. கலாமணி கணவரின் கையை விட்டாள்.

மாப்பிள்ளை வானத்திலிருந்து கீழே இறங்கி வந்தார். "அம்மா சொல்றது நெசந்தானுங்க. பையன் மேல தப்பில்லீங்க," என்றார். அதைச் சொல்லும்போது தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அதை நான் கவனித்தேன்.

"அப்ப அந்த ஓவரே ரிஜெக்ட்டுங்க. நாங்க ஜெயிச்சதா எழுதுங்க," என்றார் காலர் கம்பெனிக் கேப்டன்.

"பீஸ்ல ஒரு தையல் தப்புன்னா முழுசாத் தூக்கியா போடறோம்?" என்றேன். "பிரிச்சுட்டு, தைக்க வேண்டியவங்களே மறுபடி தைக்கறதுதானுங்களே. ஆல்டர் பண்ணுங்க."

பொன்னுசாமி அந்தக் காலத்துக் கட்டிங் மாஸ்டர். அவருக்கு இது பிடித்துப்போனது. எந்த ரூல் புத்தகத்திலும் இல்லாத தீர்ப்பைச் சொன்னார். கடைசி ஓவரை மறுபடி போட வேண்டும், தங்கவேலு போட வேண்டும்.

பிரித்துத் தைத்தது

ஒன்பது ரன், ஆறு பந்து. எண்ணெய்க் கறை ஓடி வந்தது.

முதல் பந்து வைடு. அடுத்ததில் ஒன்று. அதற்கடுத்தது பக்கத்துத் தென்னந்தோப்புக்குப் போனது, தேடி எடுக்கப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் நாங்கள் தோற்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். தோப்பிலிருந்து வந்த பந்தைப் போட்டார், அது நாலு. மூன்று பந்து மிச்சம் வைத்துத் தோற்றுவிட்டோம். "கலாமணி தோல்வி" என்று சேவியர் மைக்கில் மெதுவாகத்தான் சொன்னார். குழாய்க்கு மெதுவாகச் சொல்லத் தெரியவில்லை.

டெம்போவில் திரும்பும்போது மாப்பிள்ளை என் எதிரில் உட்கார்ந்தார்.

"அத்தை, பேர மட்டும் சொல்லியிருந்தாப் போதுமுங்களே. குடுத்தது யாருன்னு அவங்க கேக்கலீங்களே."

"கேக்கலீங்க மாப்பள. பந்தக் குடுங்கன்னு அந்தப் பையனுங்கூடக் கேக்கலீங்க."

தலைத்துணியை மடித்துக்கொண்டே வந்தார். "கலா வந்து நிக்கறதப் பாத்ததும் கையே ஓடலீங்க அத்தை," என்றார்.

"தெரியுமுங்க. நானும் அந்நேரம் பிளாஸ்க்கு மூடியத் திருகிக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றேன்.

மறுநாள் காலையில் யாரும் சொல்லாமல் அவரே பேட்டைக் கொண்டுவந்தார். கலாமணி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "பாத்து வைங்க, பொங்கப் பானை ஒடஞ்சிரும்," என்றாள். அவர் இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஸ்டூலைப் பிடித்தபடியே நின்றாள்.

சட்டை மட்டும் மிச்சம்

மீதிச் சட்டைகளை வீணாக்க முடியுமா. எங்கள் ஊட்டில் அந்த வருஷம் எல்லோரும் கேப்டன்தான். பேத்தி டியூஷனுக்குப் போனாலும் கேப்டன், நான் சேலை மேல் போட்டுக்கொண்டு வாசல் கூட்டினாலும் கேப்டன். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி துணி துவைத்தேன். துவைத்ததில் பாதி பதினாலாம் நம்பர்.

அடுத்த கார்த்திகையில் பொன்னுசாமி பெரியவர் ஊடு தேடி வந்தார். மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கலாமணியிடம் டீ சொல்லி, அட்டாலியை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"தங்கவேலு, நான் அம்மாவப் பாக்க வந்தேன்," என்றார் பெரியவர்.

விஷயம் இதுதான். போட்டியில் ஆள் மாற்றுவது அதிகமாகிவிட்டதாம். வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்து, அதே நம்பரில் புதுச் சட்டை தைத்து மாட்டி இறக்கிவிடுகிறார்களாம். பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

"எல்லாச் சட்டையும் இந்த ஊருத் தையல்தானுங்களே. தப்பில்லாத சட்டை ஒண்ணுகூட இருக்காதுங்க. கண்டுபுடிச்சரலாம்," என்றேன்.

ஆக, மாப்பிள்ளையின் கிரிக்கெட் முடிந்து என்னுடையது தொடங்கியது. இந்த மார்கழியில் மொத்தப் போட்டிக்கும் சேவியருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. என்னைக் கொண்டுபோய் விடுகிற வேலை மாப்பிள்ளைக்கு. மொபெட்டில் முன்னால் அவர், பின்னால் நான், நடுவில் பிளாஸ்க்.

முதல் ஞாயிறு காலர் கம்பெனி ஆட்டம். பிகாஷ் இப்போது அங்கேதான் வேலை செய்கிறான், அவர்களுக்குத்தான் ஆடுகிறான். இவனை ஆடவே விடக் கூடாது என்று சொன்ன அதே கேப்டன்தான் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்து அழைத்துப் போனார். பிகாஷ் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, "அம்மா, இந்தச் சட்டையில என்ன தப்புங்க?" என்று கேட்டான். திருப்பி நிற்க வைத்துப் பார்த்தேன். தோள்பட்டையில் ஊசி ஓட்டை இருந்தது. சொன்னேன். சந்தோஷமாகப் போனான்.

அன்றைக்கு அவன் ஒரு பந்தைத் தூக்கி அடித்தான். உயரமாகப் போய், பனிக்குள் மறைந்து, பவுண்டரித் துணியைத் தாண்டி இறங்கியது. அங்கே மாப்பிள்ளை எனக்கு டீ கொண்டுவந்துகொண்டிருந்தார். குளிருக்கு உள்ளே ஒன்று, வெளியே அந்த நீலச் சட்டை. இடது கையில் பிளாஸ்க், அதன் மேல் டம்ளர். வலது கையை நீட்டினார். மூன்று வருஷம் ஒரு கேட்ச்கூட நிற்காத கையில் பந்து போய் உட்கார்ந்துகொண்டது. டம்ளர்கூட அசையவில்லை.

அவர் பந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் முதுகைக் காட்டி, உள்ளே நின்றவர்களிடம் அதைத் தூக்கிப் போட்டார்.

"சிக்ஸ்," என்று மைக்கில் சொல்லிவிட்டு, சேவியர் பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். "புடிச்சது யாருங்கம்மா?"

"கேப்டனுங்க," என்றேன். "எழுத வேண்டாம்."